மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தலையணையைத் துவைக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து இங்கே குடிவந்திருப்பவர்களில் சிலர், ஊரிலிருந்து கொண்டுவந்த தலையணை ஒரே மாதத்தில் ஈரவாடை அடிக்கத் தொடங்கிவிட்டது, அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது போடாதீர்கள் என்பதுதான் என் விடை. அது இலவம் பஞ்சுத் தலையணையாக இருந்தால் எந்த மாதத்திலும் போடாதீர்கள்.

தலையணையைக் கழுவுவது அரைமணி நேர வேலை. அதன் நடுப்பகுதி வரை உலர வைப்பதில்தான் தொல்லை எல்லாம் இருக்கிறது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ காலையில் மொட்டைமாடியில் போட்டதை மாலையில் எடுத்துவிடுவோம். இங்கே ஜூன் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் முடியும் வரை காற்றே ஈரமாக இருக்கும். சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் என்றால், மும்பையின் சாந்தாகுரூசில் ஜூலை மாதம் மட்டுமே சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. போதாக்குறைக்குப் பெரும்பாலான சொசைட்டிகளில் (அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். மிஞ்சுவது ஜன்னல் கம்பிக்கூண்டு ஒன்றுதான், அதிலும் சாரல் அடிக்கும்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செம்பூரில் குடியேறிய முதல் ஆண்டு, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஃபைபர் தலையணைகளைத் துவைத்து மின்விசிறியின் கீழ் வைத்தேன். மறுநாள் மேல்பக்கம் தொட்டால் உலர்ந்துதான் இருந்தது, உறையும் போட்டுவிட்டேன். நான்காம் நாள் இரவு தலை வைத்தபோது ஊறவைத்த சாக்கின் வாடை வந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் இருந்த பஞ்சு கட்டிகட்டியாகி, உள்துணியில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. இரண்டையும் குப்பையில் போட வேண்டியதாயிற்று. எதிர்வீட்டில் இருந்த மராத்திய அம்மையார், நவராத்திரிக்கு முன்புதான் தாங்கள் கோதடி (பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வை) முதலான படுக்கைத் துணிகளையெல்லாம் துவைத்துக் காயவைப்பது வழக்கம் என்று அப்போது சொன்னார். அந்த வழக்கத்தில் இந்த ஊரின் வானிலை அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது.

பூஞ்சையைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். 2005-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றரை ஆண்டு முதல் 20 ஆண்டு வரை பயன்படுத்தப்பட்ட தலையணைகளைச் சோதித்தபோது ஒவ்வொன்றிலும் பல வகைப் பூஞ்சைகளைக் கண்டார்கள். இறகுத் தலையணைகளைவிடச் செயற்கை இழைத் தலையணைகளிலேயே வகைகள் அதிகமாக இருந்தன. அது குளிர்நாட்டுக் கணக்கு. சுவரில் ஓதம் ஏறும் மும்பை வாடகை வீட்டில், ஆஸ்துமாவோ தொடர் தும்மலோ உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. பூஞ்சைப் புள்ளி விழுந்த தலையணையைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

இனி, உள்ளே இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். நம்மில் பலர் போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சுத் தலையணையை நாகர்கோவில் ரயிலில் கட்டித் தூக்கி வந்தவர்கள். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழலாக இருப்பது, மேலே மெழுகு போன்ற பூச்சு உடையது. அதனால்தான் அது இவ்வளவு இலேசாக இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது, ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளிலும் அதை அடைத்தார்கள். தண்ணீரைத் தள்ளும் பஞ்சுதானே, துவைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். சோப்பு நீரில் கசக்கிப் பிழியும்போது அந்த இழைகள் ஒடிந்து ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகின்றன, இடையில் சிக்கிய நீர் வெளியேறுவதில்லை. அதன் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பும் என்று காத்திருப்பவர் நிலை இலவு காத்த கிளியின் நிலைதான்.

ஆகவே இலவம் பஞ்சுக்கு வெயில் ஒன்றே மருந்து. ஏப்ரல், மே மாதங்களிலும், மழை ஓய்ந்தபின் மும்பைக்காரர்கள் 'அக்டோபர் ஹீட்' என்று சலித்துக்கொள்ளும் அந்த வெயிலிலும், காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை இருபுறமும் திருப்பிப் போட்டுக் கையால் மெல்லத் தட்டுங்கள். உள்துணி அழுக்காகிவிட்டால் பஞ்சை வேறு துணிக்கு மாற்றிவிட்டு அந்தத் துணியை மட்டும் துவைக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது: பழைய உறையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, அதன் வாயைப் புதிய உறையின் வாயோடு சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு இணைத்துவிட்டு, பஞ்சை உள்ளுக்குள்ளேயே கையால் தள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்த மறந்தால், அடுத்த ஒரு வாரம் சாம்பாரிலும் பஞ்சு மிதக்கும். புதிய துணி இழை நெருக்கமான மெத்தைத் துணியாக இருக்க வேண்டும். ஹேர் டிரையராலோ இஸ்திரிப் பெட்டியாலோ சூடு காட்டுவது வேண்டாம், இந்தப் பஞ்சு மிக எளிதில் தீப்பற்றக்கூடியது.

பருத்திப் பஞ்சுத் தலையணையையும் துவைக்கக் கூடாது. அது நீரைக் குடித்துக் கல்லாகிவிடும். கட்டிப்பட்டுப் போனதைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி மீண்டும் அடைத்துத் தருபவரை இங்கே 'காதிவாலா' என்பார்கள். மெத்தைக்கு மராத்தியில் 'காதி' என்று பெயர். நம் ஊர்க் கதர் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். தலையணை என்பது இந்தியில் 'தகியா', மராத்தியில் 'உஷி'. பஞ்சு இந்தியில் 'ரூயி', மராத்தியில் 'காபூஸ்'. இந்த நான்கு சொற்களோடு போனால் கடையில் வேலை நடந்துவிடும். உங்கள் பஞ்சையே திரும்ப அடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

இயந்திரத்தில் துவைக்கத் தகுந்தவை ஃபைபர், மைக்ரோஃபைபர் தலையணைகள்தாம், அவற்றிலும் துணிச்சீட்டில் துவைக்கலாம் என்று குறித்திருக்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, டிரம் ஒருபக்கம் சாயாதபடி இரண்டு தலையணைகளாகப் போடுங்கள். தூள் சோப்பு பஞ்சுக்குள் தங்கிவிடும் என்பதால் திரவச் சோப்பே ஏற்றது. அதன் அளவில் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் நுரை வருவதற்காக நாம் தாராளமாகப் போடுவோம். மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது பாட்சா, தான்சா, வைதர்ணா போன்ற ஏரிகளில் தேங்கும் மழைநீர். அது மென்மையானது, பாதி அளவே போதும். டேங்கர் தண்ணீர் வாங்கும் கட்டடங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அலசலை ஒருமுறை கூடுதலாக வையுங்கள், காலையில் இரண்டு மணி நேரமே தண்ணீர் வரும் வீடாக இருந்தால் அதற்குள் முடியுமாறு தொடங்குங்கள்.

எண்ணெய்க் கறை நம்மவர் தலையணைக்கே உரிய தனிச்சிறப்பு. தேங்காய் எண்ணெய் படிந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, கால்மணி நேரம் கழித்துத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். வியர்வை மஞ்சளுக்குக் குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் கூடக்கூடும். பிளீச்சோடு வினிகரைக் கலப்பது நச்சுவாயுவைக் கிளப்பும், குளியலறை அளவேயான நம் வீடுகளில் அது உண்மையான ஆபத்து.

உலர்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு பலரிடம் இருக்கும். துவைப்பதற்கு முன் தலையணையை அதில் மாட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்தபின் மீண்டும் மாட்டுங்கள். ஐம்பது கிராம் கூடுதலாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். டிரையர் வைத்திருக்கும் சலவைக் கடை அருகில் இருந்தால், குறைந்த சூட்டில், இரண்டு சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு சுற்றச் சொல்லுங்கள். பந்து அடிக்க அடிக்கப் பஞ்சுக்கட்டி உடையும்.

மெமரி ஃபோமும் ரப்பர் லேடெக்ஸும் தண்ணீரில் முக்கக் கூடாதவை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். லேடெக்ஸ் வெயில் பட்டால் பொரிந்து உதிரும்.

அப்படியானால் மழைக்காலம் முழுவதும் என்ன செய்வது? தலையணையை விட்டுவிட்டு உறையைத் துவையுங்கள். ஒரு தலையணைக்கு இரண்டு உறைகள் போட வேண்டும்: உள்ளே ஜிப் வைத்த தடித்த பருத்தி உறை, அதன் மேல் வழக்கமான உறை. மேலுறையை வாரம் ஒருமுறையும் உள்ளுறையை மாதம் ஒருமுறையும் 60 டிகிரி நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கீசர் நீரை வாளியில் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைப் பருத்திக்கு இந்தச் சூடு தாங்கும், சாயத்துணிக்குத் தாங்காது. தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு படுக்காதீர்கள். காலையில் எழுந்தவுடன் தலையணையைப் போர்வைக்குள் மூடி வைக்காமல், சுவரில் படாதபடி நிமிர்த்தி, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் விடுங்கள். ஏசி இருந்தால், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிரை மோடில் ஓட்டுவதும் பயன் தரும். ஊருக்குப் போகும்போது பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டுப் போவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே இருந்த ஈரம் அங்கேயே அடைபடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

புதிய இலவம் பஞ்சுத் தலையணை வாங்கிவர நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் ஊருக்குப் போகும்போது வாங்காமல், தீபாவளிக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வாருங்கள். நம் ஊரில் அது ஐப்பசி மழைக்காலம் என்பதால், கடையில் பஞ்சைக் கையில் எடுத்து உதறிப் பார்த்து, பொலபொலவென்று பிரிந்தால் மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். இங்கே வந்திறங்கியதும் நவம்பர் வெயிலில் இரண்டு நாள் போட்ட பிறகு உறை மாட்டலாம்.