உப்பனாற்றுக்கு அடியில் குழாய் இழுக்கும்போது

கடலூர்ப் பக்கம் எச்.டி.டி. (பள்ளம் வெட்டாமல் நிலத்தடியில் கிடையாகத் துளையிட்டுக் குழாய் இழுக்கும்) வேலை எடுப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள், ரிக்கை (துளையிடும் எந்திரத்தை) அப்புறம் பார்க்கலாம். உப்பனாறு, கெடில முகத்துவாரம், புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு எல்லாமே கடல்நீர் ஏறி இறங்கும் இடங்கள். கரையில் மோட்டார் போட்டு இறைத்தால் உப்புத்தான் வரும். துளை சரியாமல் தாங்கும் கலவைக்குப் போடுகிற களிமண் தூளான பென்டோனைட் அதில் ஊறாது. கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி வையுங்கள். நல்ல தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும். உப்பு என்றால் திரிதிரியாகக் கட்டி அடியில் இறங்கும், மேலே தெளிந்துவிடும். அந்தக் கலவையோடு மணலுக்குள் போனால் துளை சரிந்துவிடும்.

---

அண்ணா சொல்வது சரி. உப்புத் தண்ணீரில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புக் கடினத்தை எடுக்கும், கடல் உப்பை எடுக்காது. டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தே ஆக வேண்டும். 1000 லிட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ சோடா ஆஷ், பி.எச். 8.5-க்கு மேல் வந்ததும் 30 முதல் 40 கிலோ பென்டோனைட். அது நன்றாக ஊறிய பிறகு கடைசியாகப் பாலிமர் (கலவையைக் கெட்டியாக்கும் பொருள்). பாலிமரை முதலில் கொட்டினால் துகளைச் சுற்றிக்கொண்டு ஊறவே விடாது. கலவையின் கெட்டியை அளக்கும் மார்ஷ் புனலில் ஒரு குவார்ட் (946 மி.லி.) வெறும் தண்ணீர் 26 வினாடியில் இறங்கும். ஆற்று மணலுக்குக் கலவை இறங்க 50 முதல் 60 வினாடியாவது வேண்டும்.

---

கலவை சரியாக இருந்தும் குழாய் சிக்குவது அவசரத்தால். 315 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்க்கு 18 அங்குல ரீமர் (துளையை அகலமாக்கும் வெட்டுத்தலை). அந்தத் துளையின் கொள்ளளவு மீட்டருக்கு 164 லிட்டர். மணலில் அதைப்போல மூன்று மடங்கு கலவை ஓடினால்தான் வெட்டிய மண் வெளியே வரும். மீட்டருக்கு ஏறக்குறைய 500 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 400 லிட்டர் தள்ளினால் ரீமரை இழுக்கும் 3 மீட்டர் ராடு (இரும்புத் தண்டு) ஒன்றுக்கு நாலு நிமிடம் ஆகும். அதற்குள் இழுத்தால் மணல் பின்னால் குவிந்து டார்க் (முறுக்கு விசை) ஏறும். நுழைவுக் குழியில் கலவை திரும்பி வருவது நின்றால் உடனே இழுப்பதை நிறுத்துங்கள், பம்ப் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் ஆற்றுப் படுகையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். மீன்பிடிக்கிற ஆற்றில் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

---

இன்னொன்று, மிதப்பு. அதே குழாய் (எஸ்.டி.ஆர். 11, அதாவது வெளி விட்டம் சுவர்த் தடிமனைப்போல 11 மடங்கு) காலியாக இருந்தால் கலவைக்குள் மீட்டருக்குச் சுமார் 65 கிலோ விசையில் மேலே எழும்பித் துளையின் கூரையை உரசும். தண்ணீர் நிரப்பி இழுத்தால் 12 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். இழு விசையில் வித்தியாசம் கேஜிலேயே தெரியும். ரீமருக்கும் குழாய்க்கும் நடுவில் ஸ்விவல் (ரீமரோடு குழாயும் சுற்றாமல் தடுக்கும் சுழல் இணைப்பு) சுற்றுகிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் குழாயும் சேர்ந்து முறுக்கும்.

இழுத்து முடித்த அன்றே முனையை வெட்ட வேண்டாம். நீண்டிருக்கும் எச்.டி.பி.இ. ராத்திரியில் சுருங்கி உள்ளே போகும். இரண்டு கரையிலும் கூடுதல் நீளம் விட்டு, மறுநாள் வெட்டி இணையுங்கள்.