ஹம்பி குன்றுக் கோயில்கள்: முட்டிவலி உள்ள அம்மாவுடன் எதெல்லாம் ஏறலாம்?

வைகைக்கரையான்:
டிசம்பரில் அம்மாவுடன் ஹம்பி போகிறேன். ஹோஸ்பேட்டில் தங்கி இரண்டு நாள் சுற்றுவதாகத் திட்டம். அம்மாவுக்கு 64 வயது, முட்டிவலி உண்டு. ஆனால் அனுமார் பிறந்த மலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார். ஹேமகூடம், மாதங்க மலை, மால்யவந்தம், அஞ்சனாத்ரி என்று நான்கு சொல்கிறார்கள். எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

பழைய ஹோஸ்பேட்காரி:
வங்கி வேலையில் அந்த ஊரில் சில வருடம் இருந்தேன், அதனால் சொல்கிறேன். ஹேமகூடத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். விரூபாட்சர் கோயிலுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் பாறைச் சரிவு அது. பெரும்பாலும் சாய்வுதான், கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தால் அம்மாவால் முடியும். பலர் அங்கே சூரியன் மறைவதைப் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அங்குள்ள கோயில்களில் பல, 1336-ல் விஜயநகரம் எழும்புவதற்கு முன்பே கட்டியவை. நம் ஊர்க் கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். கல் கூரை படிப்படியாகக் குறுகிக்கொண்டே மேலே போகும், ஒரே மண்டபத்தில் மூன்று கருவறைகள் திறக்கும். விஜயநகரத்துக்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட கம்பிலி அரசன் கம்பிலதேவன் தன்னைப் பெற்றவர்கள் நினைவாக லிங்கம் வைத்த கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். கிழக்குப் பக்கச் சரிவில் இறங்கினால் கடலைக்காளு கணபதி, ஒரே பாறையில் செதுக்கியது, சுமார் 15 அடி உயரம்.

மால்யவந்தத்துக்கு மேலே வரை வண்டி போகும். மழைக்காலம் முடியும்வரை ராமர் தங்கியிருந்ததாகச் சொல்லும் இடம். ரகுநாதர் கோயிலில் ராமர், சீதை, லட்சுமணரைப் பாறையிலேயே செதுக்கி, அந்தப் பாறையைச் சுற்றியே கருவறை எழுப்பியிருக்கிறார்கள். ராமாயணப் பாராயணம் கேட்கும், அம்மா எழுந்து வர மாட்டார். பின்பக்கம் பாறைப் பிளவை ஒட்டி வரிசையாக லிங்கங்களும் நந்திகளும் உண்டு.

அம்மா கேட்கும் அனுமார் மலை அஞ்சனாத்ரிதான், அதற்கு ஏறத்தாழ 575 படிகள். வேண்டாம். அடிவாரம் வரை வண்டியில் போய்க் கும்பிடட்டும்.

கல்மண்டபம்:
மாதங்க மலை அம்மாவுக்கு வேண்டாம், நீங்கள் போங்கள், ஆனால் தனியாக வேண்டாம், வேறு துணை இருக்கட்டும். விடியற்காலை என்றால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் வீரபத்திரர் கோயில், இன்றும் பூசை நடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் 1534-ல் கட்டிய அச்சுதராயர் கோயில் இரண்டு சுற்று மதில்களோடு கீழே முழுசாகத் தெரியும். திருவேங்கடமுடையானுக்குக் கட்டியது அது. 1565 தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகரம் எப்படிப் பாழானது என்பது மேலே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வைகைக்கரையான்:
நன்றி அக்கா, நன்றி சார். அஞ்சனாத்ரி துங்கபத்திரை ஆற்றுக்கு அக்கரை ஆயிற்றே, ஆட்டோ போகுமா?

பழைய ஹோஸ்பேட்காரி:
போகும் தம்பி. புக்கசாகரம் பக்கம் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், வாழைப்பழப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும்.