சிங்கப்பூர் போகிறேன், தூக்காமல் ஏற வழி உண்டா?

கருப்பட்டிக்கடை (சாயல்குடி)

பனையிலிருந்து விழுந்து 11 வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கையால் தள்ளும் சக்கர நாற்காலிதான். கூடப் படித்தவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். தை மாதம் வாடா என்று டிக்கெட் காசில் பாதியை அனுப்பிவிட்டான். மூக்கையூர் நண்பர்கள் இரண்டு பேர் உடன் வருகிறார்கள். மதுரையில் ஏறுகிறோம்.

அவர்களிடம் எதைக் கேட்டாலும் "தூக்கிருவோம் மாப்ள" என்பதுதான் பதில். வல்லத்தில் ஏற்றும்போது ஒருவன் கக்கத்தில் கை கொடுப்பான், இன்னொருவன் முழங்காலுக்கு அடியில். கடலில் அது சரி. போன வருடம் பரமக்குடியில் ஒரு கல்யாண மண்டபப் படியில் அப்படித் தூக்கியபோது வேட்டி நழுவிவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறென்ன செய்ய. விமானத்தில் அப்படி ஏற மனசு இல்லை. அப்புறம், நான்கு மணி நேரம் சிறுநீரை எப்படிச் சமாளிப்பது?

கீழக்கரை அண்ணன்

தம்பி, எனக்கும் முதுகுத்தண்டுதான். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே "வீல்சேர் வேணும்" என்றால் 'டபிள்யூ சி ஹெச் ஆர்' என்று ஒரு குறியீட்டைப் போட்டுவிடுவார்கள். அது படி ஏற முடிந்தவருக்கு. கடைசி எழுத்து 'சி' என்று கேளுங்கள், இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைப்பது அதில்தான். அந்த ஓர் எழுத்து மாறி, ஒரு தடவை நான் ஏணிப்படிக்குக் கீழே முக்கால் மணி நேரம் வெயிலில் கிடந்தேன். 'சி' என்றால், சீட்டுகளுக்கு நடுவே போகிற ஒடுங்கலான நாற்காலி வரும், நெஞ்சுக்குப் பட்டையோடு.

உங்கள் நாற்காலியை கவுன்டரில் கொடுத்துவிடாதீர்கள். விமானக் கதவு வரை அதிலேயே போவேன், இறங்கும்போதும் கதவருகே வேண்டும் என்று சொல்லி, டேக்கில் எழுத வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, பெட்டி எடையிலும் சேராது. கால்மிதியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி மெத்தையை விமான சீட்டின் மேலேயே போடுங்கள். நமக்குப் புண் வந்தால் ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.

சிறுநீருக்கு ஆணுறை மாதிரி மாட்டும் குழாயும் காலில் கட்டும் பையும். புதிதென்றால் வீட்டிலேயே ஒரு வாரம் கட்டிப் பழகுங்கள், முதல் தடவை கட்டாயம் ஒழுகும். ஏறுவதற்கு முன் பையைக் காலி செய்துவிடுங்கள்.

தொண்டிக்காரன்

நான் தூக்குகிற கட்சி. நண்பனைச் சிங்கப்பூர் கூட்டிப்போனேன். முதல் நாள் ரயில் நிலையத்தில் பழக்கதோஷத்தில் நாற்காலியோடு தூக்கக் குனிந்தேன். "டேய், லிப்ட் இருக்கு" என்றான். அங்கே எல்லா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலும் இருக்கிறது. பேருந்தில் டிரைவரே எழுந்து வந்து சாய்பலகையை விரித்துப் போட்டார். எனக்குக் கை சும்மா இருப்பது ஒரு மாதிரியாக இருந்தது. லிட்டில் இந்தியாவில் கடை வாசல் நடைபாதை மட்டும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், அங்கேதான் எனக்கு வேலை வந்தது.

ஒன்று, அந்த ஒடுங்கிய நாற்காலிக்கு மாறும்போது எப்படியும் யாராவது தூக்கத்தான் வேண்டும். ஊழியர்களுக்கு உங்கள் உடம்பு தெரியாது, சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். உங்கள் ஆட்கள் வல்லத்தில் பிடிப்பதுதான் சரியான பிடி. அதை நீங்களே ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் "சரி" என்று சொல்லும் வரை யாரும் கை வைக்கக்கூடாது. என் நண்பன் எனக்குப் போட்ட சட்டம் இது. வேட்டிக்குப் பதில் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட்!

கருப்பட்டிக்கடை (சாயல்குடி)

விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "கொஞ்சமாவது நடப்பீங்களா சார்" என்று அந்தப் பெண் மூன்று தடவை கேட்டது. 'சி' போட்டாச்சு. இதையெல்லாம் மூக்கையூரானிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப நாங்க எதுக்குடா வர்றோம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நடைபாதைக்கு என்றேன். நாற்காலி எடையில் சேராது என்றதும் முகம் மாறியது. இப்போது பெட்டியில் கருப்பட்டி எத்தனை கிலோ வைப்பது என்று இரண்டு பேருக்கும் சண்டை.