புதுப்பிப்பு: கொக்கு சுட வந்தவர்களும் பெரியப்பாவின் அரிவாளும்

மணலி புதுநகரைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் பெரியப்பா நிலத்தில் ஏர்கன்னோடு கொக்கு சுட வந்த பையன்களும், அரிவாளோடு ஓடிய பெரியப்பாவும் நேருக்கு நேர் நின்றதைப் போன பதிவில் எழுதியிருந்தேன். "இது ஆத்துப் புறம்போக்கு, நீ யாருய்யா கேக்க?" என்பது அவர்கள் வாதம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அங்கே வரப்பும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

புல வரைபடத்தை ஆன்லைனில் எடுத்து, அளக்கப் பணம் கட்டினோம். சர்வேயர் வந்து அளந்ததில், சண்டை நடந்த இடத்தில் பாதிதான் எங்களுடையது. மீதி புறம்போக்கேதான்! பெரியப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி, கல் நட்டாச்சு.

அப்போ புறம்போக்கில் சுடலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. கொக்கு, நாரையெல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. பட்டா நிலமோ புறம்போக்கோ, வேட்டையாடினால் குற்றம்தான். நிலத்துக்காரரே சுட்டாலும் அதே கதி. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்ற சமாதானமும் இங்கே எடுபடாது.

அதே நேரம், அரிவாளைத் தூக்கினால் வழக்கு நம் மேலும் பாயும். அதனால் இனி யாராவது வந்தால் தள்ளி நின்று போட்டோ எடுத்து, போலீசுக்கும் வனத்துறைக்கும் சொல்வதாக ஏற்பாடு. பெரியப்பா அரைமனதாகத்தான் சம்மதித்தார். அரிவாள் பெரியம்மா வசம்.