அப்புத்தளைக் கணவாய் பழைய மேப்: லமினேட் பண்ணலாமா?

ஊவாக்காரன்:
வணக்கம். போன சனிக்கிழமை மருதானை பழைய புத்தகக் கடையில ஒரு மேப் கிடைச்சது, சிலோன் காலத்து ஒரு மைலுக்கு ஒரு இன்ச் ஷீட், அப்புத்தளைக் கணவாயும் சுத்தியுள்ள தோட்டங்களும் இருக்கு, பின்னுக்குத் துணி ஒட்டியிருக்கு, மடிப்புல ரெண்டு இடம் வெடிச்சிருக்கு. வருஷம் போட்ட மூலை கிழிஞ்சு போச்சு. எங்க பாட்டி கீழ்த் தோட்டத்துல இருந்து டவுனுக்கு ரோட்டை விட்டுட்டு குறுக்குப் பாதையிலதான் ஏறுவாங்களாம், சின்னதுல எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. மேப்புல அதே இடத்துல ஒரு புள்ளிக்கோடு ரோட்டு வளைவையெல்லாம் வெட்டிக்கிட்டு மேல போகுது, பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. இது எந்த வருஷத்து மேப், அந்தப் பாதை எவ்வளவு ஏத்தம்னு கண்டுபிடிக்கலாமா? வெள்ளவத்தையில லமினேட் பண்ணக் குடுக்க இருக்கேன்.

பழைய கடுதாசி:
தம்பி, லமினேட் செய்யக் குடுத்திடாதேங்கோ! சூட்டில பிளாஸ்டிக் ஒட்டினா பிறகு கழட்டவே ஏலாது. செலோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். துணி ஒட்டினது மடிச்சுக் கொண்டுதிரியத்தான், அதை உரிக்காதேங்கோ. அமிலமில்லாத தாள் ரெண்டுக்கு நடுவில விரிச்சு வையுங்கோ, கொழும்புப் புழுக்கத்துக்கு பூஞ்சணம் பிடிக்கும், சுவரோட முட்ட வைக்க வேண்டாம். அதுக்கு முதல் ஸ்கேன் எடுங்கோ.

ரிட்டயர்ட் சேவையர்:
வருஷத்துக்கு ரயில் பாதையைப் பாருங்க. அப்புத்தளைக்கு 1893ல வந்தது, பண்டாரவளைக்கு 1894ல, பதுளைக்கு 1924லதான் போனது. ஏத்தத்துக்கு, ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்த்துப் போட்ட பிரவுன் கோடுகளை எண்ணுங்க, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை அடி உயர வித்தியாசம்னு கீழ் ஓரத்துல போட்டிருக்கும். பாதை வளைஞ்சு போனா நூல் வச்சு அளங்க. தெற்குப் பக்கம் கோடெல்லாம் நெருங்கிக் கிடக்கும், மலை அப்படியே சரியுற பக்கம் அது, வடக்க ஊவாப் பக்கம் கொஞ்சம் விரியும். நாரஹேன்பிட்டை நில அளவைத் திணைக்களத்திலயும் ஒருக்கா கேட்டுப் பாருங்க.

ஊவாக்காரன்:
இப்பத்தான் நூல் வச்சுப் பார்த்தேன். ரயில் கோடு பண்டாரவளையோட நிக்குது, அப்ப 1924க்கு முந்தி அளந்தது! கோட்டுக்குக் கோடு 100 அடி, பாதை ஒன்றரை இன்ச், 11 கோடு தாண்டுது, அப்ப ஒன்றரை மைலுக்குள்ள ஏறக்குறைய 1,100 அடி ஏத்தம், பாட்டி அதைத் திரும்பி வரும்போது தலையில அரிசியோட இறங்கியிருக்காங்க. லமினேட் பண்ணல, ரொம்ப நன்றி ஐயா ரெண்டு பேருக்கும். அம்மாகிட்ட சொன்னேன், பாதை தொடங்குற இடத்துல ஒரு மாரியம்மன் கோயில் இருந்துச்சாம், மேப்புல அந்தக் குறி இருக்கான்னு டோர்ச் அடிச்சுத் தேடிக்கிட்டு இருக்கேன்.