சிறார் எழுத்தாளர் பள்ளிக்கு வருகிறார்: எப்படித் தயாராவது?

கேள்வி: மூணாங்கிளாஸ் டீச்சர்
வணக்கம். எங்களுடையது அரசு நடுநிலைப் பள்ளி, மொத்தம் 140 பிள்ளைகள். அடுத்த மாதம் ஒரு சிறார் எழுத்தாளர் வருகிறார். காலை பிரேயரில் எல்லாரையும் மைதானத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம் என்கிறார் எச்.எம். வந்து பேசினார், போனார் என்று ஆகிவிடக் கூடாது. பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். கையில் இருப்பது 2,000 ரூபாய். என்ன செய்யலாம்?

பதில்: நூலகப் பொறுப்பாளர்
டீச்சர், மைதானம் வேண்டவே வேண்டாம். வெட்டவெளியில் மைக்கைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் சொற்பொழிவுதான் வரும். கடைசி வரிசைப் பிள்ளை மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருக்கும். 3, 4, 5 வகுப்புகளை ஒரு அறையில் உட்காரவையுங்கள், 40 நிமிடம். 6, 7, 8 தனியாக, ஒரு மணி நேரம். ஐம்பது பேர் என்றால் மைக் இல்லாமலே குரல் எட்டும். ஒன்று, இரண்டுக்கு ஒரு பாட்டும் ஒரு குட்டிக் கதையும் போதும்.

உண்மையான வேலை முந்தைய இரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. அவர் எழுதிய மெல்லிய புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 10 பிரதி வாங்குங்கள். ஐம்பது பேர் உள்ள ஒரு அறையில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று வரும். பத்துத் தலைப்பில் ஒவ்வொன்றாக வாங்கினால் யாரும் யாரோடும் கதையைப் பற்றிப் பேச முடியாது. வகுப்பில் வாசிக்கும்போது கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் நிறுத்திவையுங்கள். அதை அவரே வந்து வாசிக்கட்டும்.

கேள்விகளை ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். டீச்சர் எழுதிக்கொடுத்த கேள்வி என்றால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "அந்த நாய்க்குட்டி ஏன் திரும்பி வரல?" என்று கேட்கிற பிள்ளைதான் கதைக்குள் போயிருக்கிறது.

பயணச் செலவு, மதிப்பூதியம் இரண்டையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொன்னாடைக் காசில் இன்னும் இரண்டு பிரதி வாங்கலாம்.

பதில்: கதைசொல்லி
சார் சொன்னதோடு இன்னும் சில. எழுத்தாளருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. முகம் இருட்டாகி, படமும் தெரியாது. பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் உட்காரவையுங்கள். புத்தகத்தை அடிப்பக்கம் நடுவில் ஒரு கையால் பிடித்து, தோளை ஒட்டி வைத்து, முதலில் படத்தை இடமிருந்து வலமாக மெதுவாகக் காட்டிவிட்டுத்தான் வரியை வாசிக்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளை எட்டிப்பார்க்க எழுந்தால் காட்டும் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

சத்துணவுக்கு முந்தைய பீரியட் வேண்டாம். தட்டுச் சத்தம் கேட்டதும் கதை போய்விடும்.

மூணாங்கிளாஸ் டீச்சர்
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. அவர் போன பிறகு ஆர்வத்தை எப்படித் தக்கவைப்பது?

பதில்: நூலகப் பொறுப்பாளர்
மறுநாளே பீரோவைத் திறந்துவிடுங்கள் டீச்சர். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த, நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த புத்தகங்கள் உங்களிடமே இருக்கும். அவற்றை வகுப்புச் சுவரில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிந்தால் சின்னப் பிள்ளை எடுக்காது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பதிவேட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதட்டும்.

கிழிந்து வந்தால் திட்ட வேண்டாம். ஒரு முறை திட்டினால் அப்புறம் அந்தப் பிள்ளை எடுக்காது. செல்லோ டேப்பும் வேண்டாம், நாளாக ஆக மஞ்சளாகிப் பக்கத்தையே பிய்த்துக்கொண்டு வரும். வெள்ளைப் பசையை விரலால் மெல்லிசாகத் தடவி, மெல்லிய தாள் துண்டு ஒட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.