நாக்கின் அடிப்பகுதியில் ஏடிசி 0.7: திரும்ப வந்த கட்டியா, தழும்பா? அவசரம்

ரேடியோ_மாணவன் | இரவு 8.10
வணக்கம். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு முடிந்தவர். இன்று ஃபாலோ-அப் எம்ஆர்ஐ. பழைய இடத்தில் ஏடிசி (திசுவில் தண்ணீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு, கட்டியில் குறையும்) 0.7 வருகிறது. கட்டி திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஏடிசியைக் கணக்கிடும் டிஃப்யூஷன் படம் கொஞ்சம் கோணலாகவும் இருக்கிறது. நாளைக் காலை டியூமர் போர்டு (புற்றுநோய் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்), யாராவது சொல்லுங்கள்.

இரவு_ஷிப்ட் | 8.24
கதிர்வீச்சு முடிந்து எத்தனை மாதம்? பி மதிப்புகள் (டிஃப்யூஷன் படத்தின் அழுத்த அளவு) என்ன? காந்தம் 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? டி2வில் (தண்ணீர் வெளிச்சமாகத் தெரியும் எம்ஆர்ஐ படம்) அந்த இடம் எப்படித் தெரிகிறது?

சுருள் | 8.31
படம் கோணல் என்றாலே எனக்குக் கொழுப்பின் மேல்தான் சந்தேகம். 3 டெஸ்லாவில் கொழுப்புக்கும் தண்ணீருக்கும் சுமார் 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஈபிஐயில் (டிஃப்யூஷனுக்கு வழக்கமாகப் பயன்படும் வேகமான படமெடுப்பு) ஃபேஸ் திசையில், அதாவது படம் இழுபடும் திசையில், ஒரு பிக்சலுக்கு இருபது முப்பது ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். அடங்காத கொழுப்பு பதினைந்து பிக்சலுக்கு மேல் நகர்ந்து கட்டி இருந்த இடத்திலேயே உட்காரும். கொழுப்பின் ஏடிசி மிகக் குறைவு, சராசரியைக் கீழே இழுத்துவிடும். கழுத்துக்கு ஸ்டிர் முறையில் கொழுப்பை அடக்குங்கள். அதையும் கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் ஏறிய திசுவின் சிக்னலும் சேர்ந்து அடங்கிவிடும்.

பழைய_ஃபிலிம் | 8.40
தம்பி, ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு போர்டுக்குப் போகாதீர்கள். பி1000, ஏடிசி வரைபடம், டி2 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முதல் வருடப் பாடம். பி1000ல் வெளிச்சம், ஏடிசி குறைவு, டி2வில் நடுத்தரச் சாம்பல் என்றால் கட்டியை நினைக்கலாம். ஏடிசி குறைந்து, பி1000லும் டி2விலும் இருட்டாக இருந்தால் அது முற்றிய தழும்பு. நார்த்திசுவில் தண்ணீரே குறைவு, அதனால் ஏடிசி இறங்கும். இதைப் பார்க்காமல் கேள்வி கேட்பவர்களை இங்கே வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

ரேடியோ_மாணவன் | 8.58
மன்னிக்கவும் சார். 3 டெஸ்லா, பி 0 மற்றும் 1000, சாதாரண ஈபிஐ. முடிந்து ஐந்து மாதம். டி2வில் கறுப்பு. பி1000ல் பெரிய வெளிச்சம் இல்லை. உண்மையில் வரைபடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கீழ்த்தாடைப் பல்லில் உலோகம் இருக்கிறது, சொல்ல விட்டுப்போயிற்று.

பிக்சல் | 9.05
உலோகமா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஆர்ஓஐ வட்டத்தை (அளவெடுக்கும் இடத்தைக் குறிக்கும் வட்டம்) எந்தப் படத்தில் வரைந்தீர்கள்?

ரேடியோ_மாணவன் | 9.07
கான்ட்ராஸ்ட் போட்ட டி1 எம்ஆர்ஐ படத்தில். அங்கேதான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே காப்பி செய்து ஏடிசியில் ஒட்டினேன்.

பிக்சல் | 9.16
அங்கேதான் தப்பு நடந்திருக்கும். டி1 நேராக இருக்கிறது, ஈபிஐ உலோகத்தால் இழுபட்டிருக்கிறது, இரண்டிலும் ஒரே ஆயத்தொலைவு ஒரே திசு கிடையாது. உங்கள் வட்டம் பின்னால் இருக்கும் தொண்டைக் காற்றில் விழுந்திருந்தால், அங்கே பி0விலும் பி1000லும் வெறும் இரைச்சல்தான். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாததால் ஏடிசி பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். பாதி வட்டம் காற்றில் இருந்தாலே போதும், எண் கெட்டுவிடும். வட்டத்தை பி0 படத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த முறை ஃபேஸ் திசையைத் திருப்பி இன்னொரு பி0 எடுங்கள், இழுபட்ட இடம் எதிர்ப்பக்கம் போகும். எது உடம்பு, எது சிதைவு என்று அப்போது கண்ணுக்கே தெரியும்.

சுருள் | 9.22
கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். பல் உலோகம் பக்கத்தில் இருந்தால் கொழுப்பு அடக்கமும் அங்கேதான் தோற்கும்.

இரவு_ஷிப்ட் | 9.30
இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு பெட்-சிடி (சர்க்கரையை அதிகம் எடுக்கும் திசு ஒளிரும் ஸ்கேன்) எடுத்துவிடலாமே? 2016ல் வந்த பெட்-நெக் ஆய்வில் 564 பேர். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து 12 வாரத்தில் பெட்-சிடி பார்த்து முடிவெடுத்தவர்கள், எல்லோருக்கும் கழுத்து அறுவை செய்த குழுவைவிட மோசமாகப் போகவில்லை.

பழைய_ஃபிலிம் | 9.38
அந்த ஆய்வு கேட்ட கேள்வி கழுத்து நிணநீர் முடிச்சுகளைப் பற்றியது. இவர் கேட்பது நாக்கை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இரவு_ஷிப்ட் | 9.41
பெட் எடுத்தால் நாக்கும் சேர்ந்துதானே தெரியும், சார்?

பழைய_ஃபிலிம் | 9.47
தெரியும். கதிர்வீச்சால் வந்த அழற்சியும் சேர்ந்து ஒளிரும். அதற்கு பெர்ஃப்யூஷன் செய்யலாம். சில வினாடிக்கு ஒரு முறை படம் எடுத்தால், கட்டியில் கான்ட்ராஸ்ட் சட்டென்று ஏறும், தழும்பில் மெல்ல மெல்ல ஏறும்.

பிக்சல் | 9.55
விழுங்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருக்கும் நோயாளிக்கு அந்த வளைவு எப்படி வரும் என்பதையும் சொல்லுங்கள். சுமார் ஐந்து நிமிடம் நாக்கை அசைக்காமல் வைக்கச் சொல்ல முடியுமா? உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு அது அருமையான கருவி, பிளியோமார்ஃபிக் அடினோமாவில் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், வார்த்தின் கட்டியில் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். நாக்கின் அடிப்பகுதிக்கு அவ்வளவு நம்பிக்கை எனக்கு இல்லை.

பழைய_ஃபிலிம் | 10.02
நோயாளியைத் தயார் செய்யத் தெரிந்தால் வரும்.

ரேடியோ_மாணவன் | காலை 7.35
பிக்சல் சொன்னதுதான். வட்டத்தில் பாதி தொண்டைக் காற்றில் விழுந்திருந்தது. மீதி இடத்திலும் உலோகத்தின் இழுப்பு இருக்கிறது, எண்ணை நம்ப முடியவில்லை. பி1000லும் டி2விலும் இருட்டு என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஈபிஐ போல இழுபடாத டர்போ ஸ்பின் எக்கோ டிஃப்யூஷனில் மறுபடி எடுக்க டெக்னீஷியன் அண்ணா ஒத்துக்கொண்டார். போர்டுக்குக் கிளம்புகிறேன், எல்லோருக்கும் நன்றி.

இரவு_ஷிப்ட் | 7.50
மறுபடி எடுத்ததும் எண்ணை இங்கே போடுங்கள். டர்போவில் சிக்னல் குறையும், சராசரி எண்ணிக்கையை (திரும்பத் திரும்ப எடுத்துச் சேர்க்கும் தடவைகளை) கூட்டச் சொல்லுங்கள்.

சுருள் | மறுநாள் 9.15
என்ன ஆயிற்று?